சுழியோடியின் கடிகாரம்

நான் எட்டாம் வகுப்பு வரைதான். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

என் மனுசன் கடலட்டை பிடிக்கிற படகில் கயிறு பிடிப்பவர். சுழியோடி சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. மற்ற முனை மேலே இவர் கையில். ஒரு இழுப்பு என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு என்றால் பையைத் தூக்கு. மூன்று என்றால் மேலே வாறன். கயிறு பிடிக்கிறவருக்கு வேறு வேலை இல்லை. கையில் கயிறு இருக்கும்வரை ஃபோனும் பார்க்கக்கூடாது.

தை மாதம், ஒரு புதன்கிழமை. இவர் கயிறு பிடித்த சுழியோடி மேலே வந்து கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டது. ஒரே நாளில் பல தரம் இறங்கி, ஆழத்தில் கனநேரம் நின்றுவிட்டுச் சட்டென்று வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் கட்டும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். சிலர் எழும்புவார்கள். சிலர் எழும்பமாட்டார்கள்.

வியாழக்கிழமை மீனவர் சங்கத்தில் விசாரித்தார்கள். படகுக்காரச் சம்மாட்டி சொன்னது, இரண்டு தரம்தான் இறங்கினவன், கயிறு பிடித்தவன் அவசரப்பட்டு இழுத்துப்போட்டான் என்று. என் மனுசன் சொன்னது, நாலு தரம் இறங்கினவன், நான் இழுக்கவில்லை, அவன் தானாக வந்தவன் என்று. படகில் இருந்த மற்ற ஆள் சம்மாட்டியின் மச்சான். அவன் எந்தப் பக்கம் கதைப்பான் என்று சொல்லத் தேவையில்லை. சுழியோடிக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

முடிவு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு என்றார்கள். இழுத்தவன் இவன்தான் என்று சங்கம் முடித்தால் பிறகு எந்தப் படகும் இவரை ஏற்றாது. எழுதி ஒட்டமாட்டார்கள். கேட்டால் இடமில்லை என்பார்கள். இவருக்கு வேறு வேலை தெரியாது.

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல சுழியோடியின் பெண்சாதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். பேச வந்தாளா, ஏச வந்தாளா தெரியவில்லை. அவள் ஒரு பொலித்தீன் பையை நீட்டினாள். உள்ளே அரிசி. அரிசிக்குள் ஒரு பெரிய கறுப்புக் கடிகாரம். தண்ணி பட்ட ஃபோனை அரிசிக்குள் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு இதையும் போட்டிருக்கிறாள். கடலுக்குள் கட்டுகிற கடிகாரத்தை.

லண்டனில் இருக்கிற அவள் தமையன் போன வருசம் அனுப்பினதாம். எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் தன்பாட்டில் பதியும். டவுனில் ஃபோன் கடைக்குக் கொண்டு போயிருக்கிறாள். தங்களிடம் இதற்கு ஒன்றும் இல்லை, பற்றரி முடியப்போகிறது, கழற்றிப் புதிது போடட்டா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்ல வேளை. கழட்டினா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றேன்.

அவள் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, உங்கட மனுசனுக்குப் பிழையா வந்தாலும் சொல்லுவீங்களோ?"

"வாறதைச் சொல்லுவன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் எடுக்கப் போனாள்.

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த ஆட்கள். அங்கே முகாமுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலை. கடைகளில் கார்ட் தேய்க்கிற மெஷின் செய்வார்கள். முதலில் திருகாணி பூட்டினேன். பிறகு சோதிக்கிற மேசையில் விட்டார்கள். அங்கே எல்லாம் லினக்ஸ். புது மெஷினின் சர்க்யூட் பலகை வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை சும்மா இருக்க முடியாது. கணினிக்குள்ளேயே ஒரு பொய் மெஷினை உண்டாக்கி, அதோடு ட்ரைவரைக் கதைக்கவிட்டுப் பார்ப்பார்கள். ட்ரைவர் என்றால் கணினிக்கும் கருவிக்கும் நடுவில் நின்று கேட்டு வாங்கித் தருகிற சின்னப் புரோகிராம். பதினொரு வருசம் அந்த மேசையில் நின்றேன். பார்த்துப் பார்த்து எழுதப் பழகினேன். எனக்கு இங்கிலீஷ் கதைக்க வராது. ட்ரைவர் எழுத அது தேவையுமில்லை.

இங்கே வந்த பிறகு மிக்ஸி, ஃபேன் திருத்துகிறேன். வெளியூர்க்காரர் சிலர் பழைய தராசு, பழைய பிரின்டருக்கு ட்ரைவர் கேட்டு எழுதுவார்கள். செய்து அனுப்புவேன்.

கடிகாரத்தோடு ஒரு வயரும் தந்திருந்தாள், அதால் பற்றரி ஏறாது. ஒரு தரம் லாப்டாப்பில் கொழுவிப் பார்த்தேன். லினக்ஸ் இரண்டு இலக்கத்தைக் காட்டியது. செய்தவன் இலக்கம் ஒன்று, கருவியின் இலக்கம் ஒன்று. அவ்வளவுதான். இது யார் என்று தெரியும், என்ன கதைப்பது என்று தெரியாது. கடிகாரத்தில் பற்றரிப் படம் வேகமாக மினுங்கியது. உடனே கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

வலையில் தேடினேன். இதற்கு முந்தின மாடலை ஒரு ஆள் நோண்டிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கடிகாரத்திடம் ஒரு சொல் கேட்டால் பதிந்ததை எல்லாம் தரும். ஆனால் தந்து முடிக்குமுன் அதே சொல்லை இரண்டாம் தரம் கேட்டால், வாங்கியாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிடும். தனக்கு அப்படி ஒரு தரம் அழிந்தது என்றும் எழுதியிருந்தார்.

அப்படியென்றால் எனக்கு ஒரே ஒரு தரம். பற்றரியும் ஒரு தரத்துக்குத்தான் காணும்.

உண்மைக் கடிகாரத்தைத் தொடாமல் வேலை செய்யவேணும். லினக்ஸின் கேர்னலுக்குள், அதாவது அதன் அடிமட்டத்துக்குள், ஒரு வசதி உண்டு. இல்லாத ஒரு யூஎஸ்பி துவாரத்தை உண்டாக்கலாம். அந்தத் துவாரத்தில் இல்லாத ஒரு கருவியைக் கொழுவலாம். நான் அந்த இரண்டு இலக்கத்தையும் பொய்க் கருவிக்குக் கொடுத்தேன். குறிப்பில் இருந்தபடி பதில் சொல்லப் பழக்கினேன். கேட்டால் தா. முடியுமுன் திரும்பக் கேட்டால் அழி. அழித்தால் எனக்கு ஒரு வரி எழுதிக் காட்டு. உள்ளே பொய்யாக இரண்டு இறக்கத்தைப் பதிந்து வைத்தேன். மேசையில் ஒன்றும் இல்லை. ஆனால் லினக்ஸ் கடிகாரம் வந்துவிட்டது என்று சொல்லியது.

பிறகு ட்ரைவர்.

முதல் தரம் ஓடவிட்டதும் லாப்டாப் அப்படியே உறைந்தது. கேர்னலுக்குள் பிழைவிட்டால் மற்றப் பிழை மாதிரி இல்லை, முழு மெஷினும் படுத்துவிடும். நிற்பாட்டித் திரும்ப எழுப்பினேன். எனக்கென்று கொடுக்காத இடத்தில் எழுதப் போயிருக்கிறேன். திருத்தினேன். இரண்டாம் தரம் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தரம் பொய் இறக்கம் இரண்டும் ஒழுங்காக வந்தது.

அப்போது மனுசன் வந்தார். காலையில் இருந்து கரையில் நின்றிருக்கிறார். ஒரு படகும் கூப்பிடவில்லை. திரையைப் பார்த்தார். யார் வந்தது, எதைத் தந்தது என்று சொன்னேன். கடிகாரத்தைக் கேட்கவில்லை.

"அதில என்ன இருக்கும்?"

"எத்தினை தரம் இறங்கினவர், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில மேல வந்தவர்."

கடைசியைச் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு கொடியில் போட்டுவிட்டு வெளியே போய் இருந்தார். நான் அதைப் பார்த்தேன்.

வேலை முடிந்தது என்று நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. பொய்க் கருவிக்குக் களைப்பு இல்லை. கேட்டதும் தரும். பற்றரி செத்துக்கொண்டிருக்கிற கடிகாரம் அப்படித் தருமா? பொய்க் கருவியை மந்தமாக்கினேன். கேட்டு ஏழு விநாடிக்குப் பிறகு பதில் சொல்லு என்றேன்.

திரையில் அந்த வரி வந்தது. அழித்தாயிற்று.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ட்ரைவர் எழுதுகிற எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் திரும்பக் கேள் என்று. தொழிற்சாலைப் பழக்கம். அங்கே அது நல்ல பழக்கம். இங்கே கொலை. முதலிலேயே உண்மைக் கடிகாரத்தைக் கொழுவியிருந்தால் நாலு இறக்கமோ இரண்டு இறக்கமோ, எல்லாம் போயிருக்கும். அழித்தது சுழியோடியின் பெண்சாதியும் இல்லை, சம்மாட்டியும் இல்லை, கயிறு பிடித்தவனின் பெண்சாதி என்று ஊர் சொல்லியிருக்கும்.

திரும்பக் கேட்கிற வரியை எடுத்தேன். ஒரு தரம் கேள், வரும்வரை இரு. வராவிட்டாலும் இரு.

இருட்டிவிட்டது. இருட்டினால் நான் கேர்னலில் கை வைப்பதில்லை. மூடிவிட்டுச் சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் திரும்ப இருந்தேன். பொய்க் கருவியைப் பலவிதமாகக் கெடுத்தேன். பாதி தந்துவிட்டு நிற்கவைத்தேன். நடுவில் கழற்றினேன். இருபது விநாடி ஊமையாக்கினேன். கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. எட்டரைக்குப் பொய்க் கருவியிடம் கேட்க இனி ஒன்றும் இல்லை.

ஒன்பது மணிக்குச் சுழியோடியின் பெண்சாதி வந்தாள். கால் விரலில் ஒன்று அசைந்ததாம். எந்தக் கால் என்று கேட்டேன். இடது என்றாள். மனுசன் எழும்பி முற்றத்துக்குப் போகப் பார்த்தார். போக வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவர் வாசல்படியில் நின்றார்.

கடிகாரத்தைக் கொழுவினேன். ட்ரைவர் அடையாளம் கண்டது. கேட்டேன்.

ஒன்றுமில்லை.

நான் விநாடியை எண்ணினேன். ஐந்து. ஏழு. பத்து. பழைய ட்ரைவர் இந்த நேரம் இரண்டு தரம் கேட்டிருக்கும். பதின்மூன்று. பற்றரிப் படம் மினுங்குவது நின்றுவிட்டது. அவள் என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தாள். பதினாறில் முதல் வரி வந்தது. பிறகு நின்றது. பிறகு ஒரு கட்டாக வந்தது. கடைசி வரி வந்து சேர்ந்த பிறகு கடிகாரம் வெறும் கறுப்பாகிவிட்டது. பட்டனை அமத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

அவள் அப்போதுதான் கதிரையில் இருந்தாள்.

வந்தது வெறும் எண். அதை ஆழமாகவும் நேரமாகவும் மாற்றவேணும். மீற்றரை எங்கள் ஆட்கள் எண்ணமாட்டார்கள், பாகத்துக்கு மாற்றினேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இருபது விநாடிக்கு ஒரு வரி. அந்த நாளில் நாலு இறக்கம் இருந்தது. நாலும் பதினொரு பாகத்துக்குக் கிட்ட. நடுவில் ஓய்வு காணாது. அவளிடம் நாலு என்றேன். நாலு என்று அவளும் சொன்னாள்.

ஒரு சந்தேகம் இருந்தது. முதல் இறக்கம் ஒன்று முப்பத்தைந்து என்று காட்டியது. விடியப்புறம் ஒன்றரை. படகு போனது ஆறு மணிக்கு. நேரத்தை மாற்றுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை தெரியவில்லை. நேரம் பிழையென்றால் ஆழமும் பிழையாக இருக்கலாம். ஆனால் எண்ணில் கை வைக்கவில்லை.

பிறகு நாலாவது இறக்கத்தின் கடைசி வரிகள். பதினொன்று. அடுத்தது ஏழு சொச்சம். அடுத்தது மூன்று சொச்சம். அடுத்தது மேலே. ஒரு நிமிசத்துக்குள் பதினொரு பாகம். நீந்தி வாறவன் ஒருக்கால் வேகமாக, ஒருக்கால் மெதுவாக வருவான். இது சமனாக வந்தது. கை மாறிக் கை மாறி இழுத்தால்தான் இப்படி வரும்.

அவளை மத்தியான பஸ்ஸில் அனுப்பிவிட்டு, முற்றத்தில் இருந்த மனுசனிடம் போனேன்.

"இழுத்தனீங்களோ?"

வேலிக்கு அப்பால் ஒரு கழுதை நின்று எங்கள் பனை ஓலையைக் கடித்தது. அவர் அதைக் கலைக்கவும் இல்லை.

"ஓம்."

"ஏன் இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னா மிச்சத்தை ஆர் கேக்கிறது?"

உண்மை. சங்கத்தில் கேட்கமாட்டார்கள்.

அந்த நாலு வரியை நான் விட்டிருக்கலாம். கடிகாரம் செத்துவிட்டது. எண்களை வாசிக்கிற ட்ரைவர் என்னிடம் மட்டும்தான். நாலு இறக்கம் என்பதை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் சம்மாட்டி பொய்யன், என் மனுசன் சரி. யாரும் கண்டுபிடிக்க வழியில்லை. இதை யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் முழு வழியும் யோசித்தேன். போட்டோ கொப்பிக் கடையில் நிற்கிற பெட்டை எத்தனை பக்கம் என்று கேட்டாள். ஐந்து என்றேன். ஐந்தும் அடித்தாள். இரண்டு பிரதி.

ஒன்றைச் சுழியோடியின் பெண்சாதியிடம் ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, இவர் இழுத்தவர், ஓம் எண்டு சொன்னவர் என்றேன். அவள் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். "நாளைக்கு வாறன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கட்டிடத்தில் ஐம்பது பேருக்கு மேல். பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சங்கத் தலைவர் என்னிடம் தாளை வாங்கி உரக்க வாசிக்கத் தொடங்கினார். முதல் இறக்கம், ஒன்று முப்பத்தைந்து.

சம்மாட்டி சிரித்தார். "ஒண்டரைக்கு ஆர் அண்ணை அட்டை பிடிச்சது? பேயோ? மிக்ஸி திருத்திறவ கடலுக்குச் சாட்சி சொல்ல வந்தா இப்பிடித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். என் பிழையா, கடிகாரத்தின் பிழையா என்று எனக்கே தெரியாது. எழும்பி நின்றேன்.

சுழியோடியின் பெண்சாதி இருந்த இடத்தில் இருந்தபடி சொன்னாள்.

"அது லண்டன் நேரம். அண்ணன் அனுப்பினபடியே கட்டினவர். மாத்தத் தெரியாது."

அந்தக் கட்டிடத்தில் லண்டனில் ஆள் இல்லாத வீடு குறைவு. எந்த நேரம் ஃபோன் கோல் எடுக்கலாம் என்று எல்லாருக்கும் பாடம். ஐந்தரையைக் கூட்டினார்கள். பலர் விரலை மடித்தார்கள். ஏழு ஐந்து. படகு ஆறு மணிக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் முதல் ஆள் இறங்குகிற நேரம். சரியாக வந்தது. சிரிப்பு நின்றது.

தலைவர் நாலையும் வாசித்தார். சம்மாட்டியின் மச்சானைப் பார்த்து எத்தனை என்று கேட்டார். அவன் சம்மாட்டியைப் பார்த்தான். பிறகு நாலு என்றான்.

தலைவர் தாளை வைக்கப்போனார். என் மனுசன் எழும்பினார்.

"கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கோ. நான் இழுத்தனான். வியாழக்கிழமை சொன்னது பொய்."

அவர் கூட்டத்தில் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு இழுப்புக் கொடுத்தேன், பதிலில்லை, திரும்பக் கொடுத்தேன், பதிலில்லை, கயிறு கல்லில் கட்டின மாதிரி இருந்தது, இழுத்தேன் என்றார். சம்மாட்டி, தன் வாயாலேயே சொல்லிவிட்டான், இனி என்ன கதை என்றார். சில பேர் தலையாட்டினார்கள்.

முன் வரிசையில் ஒரு பழைய சுழியோடி. அவருக்கும் ஒரு கால் இழுவை. தாளைத் தரச் சொல்லி வாங்கினார். கண்ணுக்குக் கிட்ட பிடித்து விரலால் வரி வரியாக மேலே போனார்.

"இஞ்ச பாருங்கோ. அட்டை பொறுக்கிறவன் ஒரு இடத்தில நிக்கமாட்டான். குனிவான், நிமிருவான். பத்து தசம் எட்டு, பதினொண்டு தசம் ரெண்டு எண்டு எண் ஓடித் திரியுது. இஞ்ச வந்து பதினொண்டு, பதினொண்டு, பதினொண்டு. ஏழு வரி. ரெண்டு நிமிசத்துக்கு மேல. இவன் மயங்கிக் கிடக்கிறான்."

நான் அந்த வரிகளை எத்தனையோ தரம் பார்த்தேன். வந்து சேர்ந்ததா, அழியாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கடலுக்குள் கிடந்த ஆளை நான் பார்க்கவில்லை.

சுழியோடியின் பெண்சாதி என் மனுசனைக் கேட்டாள்.

"இழுக்காம விட்டிருந்தா?"

"தெரியாது, பிள்ளை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவள் தலையைக் குனிந்தாள். பழைய சுழியோடி பதில் சொன்னார். விட்டிருந்தால் காலுக்குப் பதில் ஆளைத் தேடியிருப்பீர்கள் என்றார்.

முடிவு சொல்ல அரை மணித்தியாலம் ஆனது. சம்மாட்டியின் படகு அந்தப் பருவம் முழுக்க அட்டைக்குப் போகக்கூடாது. ஒரு இறக்கத்துக்கு ஒரு சிலிண்டர்; ஒரு நாளில் இரண்டுக்கு மேல் யார் கொடுத்தாலும் இனி அதே முடிவு. என் மனுசனை எந்தப் படகும் ஏற்றலாம். ஆனால் இந்தப் பருவம் அவர் கையில் கயிறு கொடுக்கக்கூடாது. இழுத்ததற்கு இல்லை. கயிறு பிடிக்கிறவன் கரைக்கு வந்து பொய் சொன்னதற்கு. அவர் சரி என்றார். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

வெய்யில் ஏறிவிட்டது. மணல் ஒழுங்கையால் நடந்து வந்தோம். பாதி வழியில் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பக்கத்தை நீ விட்டிருக்கலாம். ஏன் விடேல்லை?"

"விட்டிருந்தா அந்த ஏழு வரியும் போயிருக்கும்."

"அது உனக்கு அப்ப தெரியாது."

"தெரியாது" என்றேன்.

பிறகு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்க்கவேணும், நீயும் வா என்றார். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறே காலுக்கு என்றேன்.